மனைவி, இரண்டடி

"தொட்டேன்னு சொல்லு. அதோட நிறுத்திக்க. அதுக்குப் பின்னால எதுக்கு ஒரு பாத்தேன்—"

"வெறுமனே தொட்டேன்னா தெரியாம கை பட்டுருச்சுன்னு அர்த்தங்க. நான் தெரிஞ்சுதானே—"

"அந்த மெசினுக்கு உன்ற அர்த்தமெல்லாம் எங்க—"

"—தொட்டுப் பாத்தேன். தட்டிப் பாத்தேன். மோந்து பாத்தேன். பழுத்துருச்சான்னு அமுக்கிப் பாத்தேன். பலாப்பழத்தை வேற என்னங்க பண்ணுவாங்க?"

"நாலு. எண்ணிட்டே நின்னேன். ஒரு பழத்துக்கு நாலு பாத்தேன் போட்டா அது என்னன்னு நெனைக்கும்?"

"தூக்க விடலை. விட்டிருந்தா அஞ்சு."

தினகர் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கோயமுத்தூர்ப் பார்வை அளவீட்டு மையத்தின் நடைவழியில் புருசன் பெண்டாட்டி சண்டையை வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிருதுளாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மெசினிலிருந்து அப்போதுதான் விழுந்த அட்டை அவள் உள்ளங்கையில் சூடாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம் அறியாதவள். இந்த ஐம்பத்தொரு வயதில் அந்த அட்டை அவளுக்குத் தொண்ணூற்றொரு விழுக்காடு பார்வை கொடுத்திருந்தது.

முன்பெல்லாம் டாக்டர்தான் கண்ணில் விளக்கடித்துச் சொல்லுவார். பஸ் பாசுக்காகக் கண்ணை உருட்டி நடிக்கிறவர்கள் பெருத்துப் போனதால், யாராலும் ஏமாற்ற முடியாத மெசின் ஒன்று வந்தது. தலையில் ஒரு தொப்பி. எதிரே மேசையில் ஒரு பலாப்பழம். "எதிரில் இருப்பதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு குரல். அவ்வளவுதான் சோதனை. பழத்தைச் சில நாளாக மாற்றவில்லை போலிருக்கிறது. மாடிப்படி ஏறும்போதே வாசனையில் அது இருப்பது தெரிந்துவிட்டது.

அளவீட்டு அலுவலர் ஹேமலதா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள், இவர்களைத் தாண்டிப் போக மனசில்லாமல் நின்றாள்.

"பேச்சை மட்டும் வச்சு முடிவு பண்றதில்லீங்க அம்மா. தொப்பி மூளையையும் பாக்குது. பின்மண்டைல பாக்கறதுக்குன்னு ஒரு இடம் இருக்குது. உங்களுக்குக் கண்ணு அங்க குடி வரவே இல்ல. இடம் சும்மா கிடக்குதேன்னு விரல் வந்து உக்காந்துருச்சு. பழத்தைத் தொட்டீங்க பாருங்க, அந்த இடம் தீபாவளி மாதிரி எரிஞ்சுது. இந்த வாரத்துல அந்த மாதிரி யாருக்கும் எரியலை."

"அதுக்காக எனக்குக் கண்ணு தெரியும்னு எழுதிருவீங்களா?"

"கண்ணுன்னு எழுதலீங்களே. பார்வைன்னுதான் போட்டிருக்கு."

"மறுபடி சோதிங்க. இந்தத் தடவ பாத்தேன்னு சொல்ல மாட்டா. நான் பொறுப்பு," என்றார் தினகர்.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் அம்மா எதையும் தொடாம இருக்கோணும். விரல் அந்த இடத்தைக் காலி பண்ணுனாத்தான் எண்ணு இறங்கும்."

"தொடாம எப்படிங்க சாப்பிடறது?"

"கரண்டி இருக்குதுங்களே," என்றாள் ஹேமலதா, ரொம்பத் தன்மையாக. பிறகு தினகரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவள்போல, "வாங்க சார், உங்களுக்கும் ஒருக்கா போட்டுக் காட்டறேன். மெசின் எத்தனை நியாயமானதுன்னு உங்களுக்கே தெரியும்," என்று உள்ளே கூட்டிப்போனாள்.

தினகர் சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டார். பம்ப்செட் கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறவர். மயிரிழை விரிசலோடு ஒரு பம்ப் அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. இப்போதெல்லாம் அந்த விரிசலைக் கண்டுபிடிப்பது அவருடைய சொல்கண்ணாடிதான் என்றாலும், கையெழுத்து அவருடையது.

அந்தச் சொல்கண்ணாடி முதலில் பார்வையற்றவர்களுக்கென்றே செய்த பொருள். எதிரே இருப்பதையெல்லாம் காதுக்குள் சொல்லும். பார்வை உள்ளவர்கள் அதன் சௌகரியத்தைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். கல்யாண வீட்டில் எதிரே வந்து பல்லைக் காட்டுகிறவர் எந்த வழிச் சொந்தம், சிக்னல் விழுந்ததா, சட்டியில் கடுகு வெடித்ததா, முதலாளியின் முகம் இன்றைக்குக் கோபமா, எல்லாம் சொல்லிவிடும். ஊரே மாட்டிக்கொண்டது. யாருக்காகச் செய்தார்களோ அவர்களில் பாதிப் பேர் கழற்றி வைத்துவிட்டார்கள். மிருதுளா ஒரே நாளில் கழற்றினாள். "ஓயாம பேசுது. நான் ஒண்ணு என்னன்னு யோசிக்கறதுக்குள்ள அது சொல்லி முடிச்சிருது" என்றாள்.

தினகர் கழற்றவே இல்லை. குளிக்கும்போது மட்டும்தான். அதிலும் ஒரு தொந்தரவு, இடது பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். வாலிபத்தில் லேத்திலிருந்து பறந்த இரும்புச் சுருள் ஒன்று அவருடைய இடது காதின் மேல்மடலைக் கொஞ்சம் கொத்திக்கொண்டு போயிருந்தது. அந்த வெட்டில் கண்ணாடியின் கால் நிற்காது.

சரிந்ததை ஏற்றிவிட்டுக்கொண்டு பழத்தின் பக்கம் திரும்பினார். "பலாப்பழம். ஒன்று" என்றது காதுக்குள்.

"பலாப்பழம். ஒண்ணு," என்றார் தினகர்.

மெசின் சற்று முனகி, ஒரு அட்டையைத் துப்பியது. பன்னிரண்டு விழுக்காடு.

"இது என்னங்க கூத்து? நான் பாத்துத்தானே சொன்னேன்?"

"இல்லீங்க சார். கேட்டுச் சொன்னீங்க. உங்க பின்மண்டை அசையவே இல்லை, நல்லாத் தூங்குது. நாப்பதுக்குக் கீழ வந்துட்டா பார்வையற்றோர் அட்டை தானா வந்துரும். திருப்பி வாங்கறதுக்கு எங்ககிட்ட வழியில்ல."

நடைவழியில் இருந்த மிருதுளாவுக்கு இது கேட்டுவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைத்தடி கீழே விழுந்தது தெரியாமல் சிரித்தாள். அப்புறம் நடுவில் வெட்டியதுபோல் நிறுத்தினாள்.

"ஏனுங்க," என்றாள். "அப்பத் தொடுகூடம்?"

தினகர் அதை அதுவரைக்கும் யோசிக்கவே இல்லை.

தொடுகூடம் என்பது ஊரின் கலைக் காட்சிக்கூடத்தில் விரலுக்கென்று ஒதுக்கிய அறை. ஒரு காலத்தில் அங்கே எல்லாரும் போய் எதையும் தொடலாம். வந்த கூட்டம் ஒரு கல் நந்தியின் மூக்கைத் தடவித் தடவியே மொழுக்கென்று ஆக்கிவிட்டது. அதன் பிறகு பார்வையற்றோர் அட்டை இல்லாமல் யாரும் மேசையை நெருங்க முடியாது. அட்டை இல்லாத கை மஞ்சள் கோட்டைத் தாண்டினால் மேலேயிருந்து இரும்புத் திரை இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடும்.

அந்த மேசைமேல்தான் மிருதுளாவின் மூன்று வருச உழைப்பு இருந்தது. பெயர் 'தூரம்'. இரும்பில் வார்த்த தலைகள், ஒரே வரிசையில். இந்தக் கோடியில் பூசணிக்காய் அளவு, போகப் போகச் சிறுத்து, அந்தக் கோடியில் மிளகு. வெள்ளிக்கிழமை திறப்பு. எல்லாத் தலையையும் பொருத்தியாகிவிட்டது, கடைசி மிளகு ஒன்றைத் தவிர. முடியாத வேலையைத் திறக்க மாட்டோம், பழைய சாமான் அடைக்கிற கிட்டங்கிக்கு அனுப்பிவிடுவோம் என்று குழு முன்பே சொல்லியிருந்தது. கிட்டங்கிக்குப் போனதை யாரும் திரும்பித் தொட்டதில்லை.

"ஒத்தை மிளகுதானே," என்றார் தினகர், அவளைத் தேற்றுகிற மாதிரி.

"அந்த ஒத்தை மிளகுக்காகத்தான் மத்ததெல்லாம்," என்றாள் அவள்.

அந்த மிளகு பிறந்ததே தினகரின் வாயிலிருந்துதான். கண்ணாடி வாங்குவதற்கு முந்தின வருசம். மிருதுளாவின் தங்கை சுவாதி வேலைக்கு மஸ்கட் போனாள். விமான நிலைய வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மிருதுளாவுக்குத் தினகர் சொல்லிக்கொண்டே வந்தார். "இப்பப் பூசணிக்கா அளவு இருக்கா. திரும்பிக் கை ஆட்டறா. இப்பத் தேங்கா. பையை உருட்டிட்டுப் போறா. எலுமிச்சங்கா. அட, சுண்டக்கா ஆயிட்டா. ம், மிளகு. அவ்வளவுதான், போயிட்டா."

"மிளகுன்னா அவ மூக்கு எங்கீங்க?" என்று கேட்டாள் மிருதுளா.

"மூக்கும் அதுக்குள்ளதான் இருக்கு."

தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்று அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு முழு ஆள், மூக்கு முழியோடு, ஒரு மிளகுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆளை ஒன்றும் செய்யாமல், வெறும் தள்ளி நிற்பதாலேயே மிளகாக்கிவிடுகிற இந்தக் கண் என்பது எப்பேர்ப்பட்ட கொடுமைக்காரப் பொருள் என்று இரண்டு நாள் ஆச்சரியப்பட்டாள். பிறகு களிமண்ணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் தினகர் ஏறியதும், "பார்வையற்ற பயணி ஏறுகிறார். இடம் கொடுக்கவும்" என்று பஸ்ஸே கூவியது. ஒரு கல்லூரிப் பையன் எழுந்து அவர் முழங்கையைப் பிடித்தான்.

"பதனமா வாங்கய்யா. இங்க உக்காருங்க."

"எனக்கு இல்லப்பா. அவங்களை உக்கார வை. அவங்களுக்குத்தான் கண்ணு தெரியாது. என்ற சம்சாரம்."

பையன் மிருதுளாவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டான். "அய்யாவுக்கு மனசும் கொஞ்சம் சரியில்லீங்களா அக்கா?"

"கொஞ்ச நாளா," என்றாள் மிருதுளா.

தினகர் உட்கார்ந்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்தபோது, "மனைவி. இரண்டடி. சேலை, நீலம்" என்றது கண்ணாடி. அவருக்கு ஏனோ அது ஒரு ஆறுதலாக இருந்தது. அவிநாசி ரோட்டில் திரும்புகையில் அவள் கேட்டாள்.

"வானம் எப்படிங்க இருக்கு?"

"வானம். ஓரளவு மேகமூட்டம்," என்றார் தினகர்.

முன்னொரு காலத்தில் இதே கேள்விக்கு அவர், துவைத்துப் பிழியாமல் கொடியில் போட்ட வேட்டி மாதிரி சொட்டிக்கொண்டிருக்கிறது என்பார். ஒருநாள் வானம் நன்றாக இல்லை, வேண்டாம் விடு என்றிருக்கிறார்.

சாயங்காலம் போக்குவரத்துத் துறையிலிருந்து அவளுக்கு வாழ்த்துச் செய்தி வந்தது. தொண்ணூற்றொரு விழுக்காடு பார்வை உடையவர் என்பதால் ஓட்டுநர் உரிமம் எடுக்கத் தகுதி உண்டாம்.

"ஏனுங்க, ஓட்டிப் பாக்கட்டுமா?"

"முதல்ல அந்தப் பாக்கட்டுமாவை விடு நீ. உன்ற பார்வையற்றோர் சங்கத்துல யாரையாவது கூப்பிட்டு அந்த மிளகை ஒட்டச் சொல்லு."

"கேக்காமயா இருப்பேன்? சரவணப்ரியாவுக்கு எம்பத்தெட்டாம். தபேலா வாசிக்கற கௌசிக்குக்கு நூத்தி மூணு."

"நூறுக்கு மேலயா?"

"பலாப்பழத்தை வாசிச்சுக் காட்டியிருக்கான். சங்கத்துல ஒருத்தருக்கும் அட்டை இல்ல இப்ப. நமக்குத் தெரிஞ்ச ஆளுகள்ல அட்டை இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

அப்போதுதான் சுவாதி மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். அவள் காலையும் மாலையும் கூப்பிடுகிறவள்.

"அக்கா, நான் மிளகாமா? கடைசி ஆளாமா? மாமா சொல்றாரு."

"அவரு சொன்னாரா?"

"தெனம் ரெண்டு நேரம் பேசறேன். உனக்குப் பல்லு வலின்னாக்கூட எனக்குத்தான் மொதல்ல தெரியும். சின்னதுல என் கன்னக்குழில விரலை வச்சுட்டுத்தானே என்னைத் தூங்க வைப்பே? அந்தக் குழியாச்சும் வச்சியா, மிளகுல அதுக்கும் இடம் பத்தலையா?"

"வந்து தொட்டுப் பாரு."

"எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே. உள்ள விட மாட்டாங்களே."

"ஒரு சொல்கண்ணாடி வாங்கி ரெண்டு வருசம் போட்டுக்க. தானா விடுவாங்க."

தினகர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கண்ணாடி அவருக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. மிருதுளா போனை வைத்ததும் சொன்னார், "பாவம், மிளகுன்னா கோவம் வரத்தான் செய்யும் அவளுக்கு."

"அவளை மிளகுன்னு நான் சொன்னனா?"

"தூரத்துல இருக்கறது அவதானே?"

மிருதுளா அரிசி களைய எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் காட்சிக்கூடத்துப் பொறுப்பாளர் ரித்விக், தினகரின் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க சார். பன்னண்டு. இத்தனை கம்மியா நான் பாத்ததே இல்லீங்க. நீங்க தாராளமா உள்ள போகலாம். அம்மா, நீங்க மன்னிக்கோணும். மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பேசலாம், சொல்லிக் குடுக்கலாம். கை மட்டும் தாண்டக் கூடாது."

"நான் பண்ணுனது அது," என்றாள் மிருதுளா.

"தெரியுங்கம்மா. ஆனா திரைக்குத் தெரியாதுங்களே." பிறகு தினகரிடம், "கண்ணாடியைக் கழட்டிக் குடுத்துட்டுப் போகோணுங்க சார். பார்வையற்றவர் கண்ணாடி போட்டா உதவி பெற்ற பார்வைன்னு கணக்காயிரும். அட்டை செல்லாது," என்றார்.

"கண்ணாடி இல்லாம எப்படிங்க?"

"கண்ணாடி இருந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க," என்றாள் மிருதுளா. "உள்ள விளக்கு கிடையாது. நான்தான் வேண்டாம்னேன். விளக்குப் போட்டா அது வெறும் இரும்பு."

அப்படித்தான் தினகர், கையில் ஒரு தீப்பெட்டியோடும் ஒரு பசைக் குழாயோடும், ஒரு பொட்டு வெளிச்சமில்லாத அறைக்குள் போனார். தீப்பெட்டியில் பஞ்சுக்கு நடுவே மிளகு இருந்தது. மிருதுளாவும் உள்ளே வந்து மஞ்சள் கோட்டோரம் நின்றாள். கதவு சாத்தியதும் அவருக்கு முதலில் தோன்றியது, காது இத்தனை காலியாக இருக்கிறதே என்பது. எந்தப் பக்கம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. மனைவி எத்தனை அடியில் என்றும் சொல்லவில்லை.

"மிருது?"

"இங்கதான். கைய நீட்டுங்க. இடுப்பு உசரத்துல மேசை. வந்துச்சா? அது மொதத் தலை. அங்கிருந்து புடிச்சுட்டே போனாத்தான் கடைசிக் குழி சிக்கும். வேகமாப் போகாதீங்க."

விரலில் குளிர்ந்த இரும்பு பட்டது. பூசணிக்காய் அளவுத் தலை. அவர் அவளுடைய வேலையை இதுவரைக்கும் தொட்டதில்லை. பட்டறையில் கடந்து போகும்போது, "சிலை. மனிதத் தலை" என்று கண்ணாடி சொல்லும், அவரும் நன்றாயிருக்கிறது என்பார். கிட்டத்தில் இருக்கிற பெரிய தலை தான்தான் என்று அவர் வெகுநாளாகவே தீர்மானித்திருந்தார். வேறு யார் இருக்க முடியும்? ஆகவே இரண்டு கையாலும் அதன் இடது காதைத் தேடினார்.

காது முழுசாக இருந்தது. அதில் ஒரு தோடும் இருந்தது.

"இது பொம்பளையா?"

"உடுமலை பஸ்ல ஒருக்கா பக்கத்துல உக்காந்திருந்தவங்க. பொள்ளாச்சி வரைக்கும் என்ற கையப் புடிச்சுட்டு அழுதாங்க. எதுக்குன்னு சொல்லலை. பேரும் தெரியாது."

"பேரு தெரியாத அம்மா இத்தனை பெருசா?"

"கிட்டத்துல இருந்தாங்க," என்றாள் மிருதுளா. "அடுத்ததுக்குப் போங்க."

அடுத்தது தேங்காய் அளவு. இளம் முகம். சிரித்தபடி வாய் ஒரு பக்கம் ஏறியிருந்தது. கன்னத்தில் விரல் வழுக்கி ஒரு குழிக்குள் விழுந்தது. அந்தக் குழி மட்டும் மற்ற இடத்தைவிட வழவழப்பாக, பலகாலம் விரல் போய் வந்ததுபோல் இருந்தது.

"யாரு இது, கன்னத்துல குழியோட?"

"தெரியலீங்களா?"

"தெரியலையே."

"சரி, போங்க," என்றாள்.

மூன்றாவது மாங்காய் அளவு. நெற்றியில் ஒரு கட்டி, முருங்கை விதை மாதிரி. அது தெருமுனை டீக்கடைக்காரர் என்றாள். டம்ளரைக் கையில் வைத்து, சூடு தாங்குமா என்று கேட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடுவாராம்.

"நான் தெனம் அங்கதான் டீ குடிக்கறேன். அவருக்கு நெத்தில கட்டியா?"

"அது வந்து ரெண்டு வருசமாச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா கேக்க மாட்டீங்கறாரு."

எலுமிச்சை வந்தது. நெல்லிக்காய் வந்தது. தினகர் ஒவ்வொன்றிலும் முதலில் இடது காதுக்குத்தான் போனார். எல்லாக் காதும் முழுசு. சிரிப்புத்தான் வந்தது முதலில், விளையாட்டுக் காட்டுகிறாள் என்று. அவருக்கு அந்தக் காதைப் பற்றி ஒரு பெருமையே உண்டு. கணபதி ஏரியாவில் ஒரு வார்ப்படப் பட்டறையில் அவர் வேலை பார்த்த காலத்தில், அச்சு மண் கேட்டு வந்த ஒரு பெண், உங்களைத் தொட்டுப் பார்க்கலாமா என்று நாலு பேர் முன்னால் கேட்டு, நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் தடவி, இடது காதுக்கு வந்ததும் நின்று, "இங்க எலி கடிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். பட்டறையே சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் கல்யாணப் பேச்சு தொடங்கியது. கல்யாணமாகி வெகுகாலம் வரைக்கும் அவள் தூங்குவதற்கு முன்னால் அந்த வெட்டில் விரலை வைத்துக்கொள்வாள். எப்போது அது நின்றது என்று இப்போது யோசித்தார். கண்ணாடியின் கால் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்த பிறகாக இருக்கும்.

"சுண்டக்காய்க்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்." மேசையின் கோடிக்கு வந்திருந்தார். அவளுடைய குரல் எங்கோ பின்னால், இத்தனை தள்ளிப் போனோமா என்று நினைக்கும்படி வந்தது. இத்தனைக்கும் ஒரு மேசை நீளம்தான்.

"அதுக்குப் பக்கத்துல ஊசி மொனை அளவு ஒரு குழி. அங்கதான். தீப்பெட்டியைத் தொறங்க."

திறந்தார். விரலுக்கு வந்தது நழுவி, எங்கோ தரையில் டிக்கென்று விழுந்தது.

"போச்சு, மிருது. விழுந்துருச்சு."

"பதறாதீங்க. காலை எடுத்து வைக்காதீங்க. அப்படியே உக்காந்து கைய விரிச்சுத் தரையில வைங்க. தேடாதீங்க. சும்மா தடவுங்க. அது தானா வந்து கைல ஒட்டும்."

தினகர் மண்டியிட்டார். பம்ப்செட் கம்பெனியில் தரச் சோதனை அதிகாரி, இருட்டில் நாலு காலில், ஒரு மிளகுக்காகத் தரையைத் தடவினார். தரையில் எத்தனை சங்கதிகள். ஒரு சிமெண்டுப் பொருக்கு. ஒரு நூல். பழைய ஆணி ஒன்றின் தலை. ஒவ்வொன்றும் என்னவென்று அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தபோது ஒவ்வொரு தடவையும் பின்மண்டையில் ஏதோ கொஞ்சம் சூடானது போல ஒரு பிரமை. மேசைக் காலுக்கு அடியில், உள்ளங்கையின் மேட்டில், அது வந்து ஒட்டியது.

"சிக்கிருச்சு."

"எனக்குத் தெரியும் சிக்கும்னு," என்றாள். அவள் குரல் நடுங்கியிருந்ததை அவர் கவனித்தார். கவனித்தோம் என்பதையும் கவனித்தார். "பசையத் தொட்டு வைங்க. வச்சுட்டு விரலால அமுக்கிப் புடிச்சுட்டே நில்லுங்க. காயற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. எடுத்தா மறுபடி விழுந்துரும். அப்பறம் எல்லாம் கிட்டங்கிக்குத்தான்."

வைத்தார். சின்ன முனை குழிக்குள் இறங்கியது தெரிந்தது. நடுவிரலால் அமுக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரல் நுனியால் மெதுவாகத் தடவினார்.

"இதுக்கும் மூஞ்சி இருக்கா என்ன?"

"எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. நீங்கதானே சொன்னீங்க."

இருந்தது. மூக்கு என்று ஒரு மணல் அளவு. தாடை என்று ஒரு விளிம்பு. தினகருக்குப் பழைய வேலைப் பழக்கம் வந்துவிட்டது. நகத்தின் ஓரத்தால் சுற்றி வந்தார், பம்ப் உறையில் விரிசல் தேடுகிற மாதிரி. இடது பக்கம், மேலே, நகம் மாட்டி நின்றது.

"மிருது, இதுல ஒரு குறை இருக்கு. இடது பக்கம் துளி வெட்டுப்பட்டிருக்கு. வார்ப்புல வந்திருக்கும்."

"வார்ப்புல வந்ததில்லீங்க. நான் செதுக்குனது."

வெளியே ரித்விக் யாருடனோ போனில் பேசுவது மெல்லிசாகக் கேட்டது. பசை காயவில்லை. தினகர் விரலை எடுக்கவில்லை. இன்னொரு கை தானாக மேலே போய்த் தன் இடது காதைத் தொட்டது. கண்ணாடி இல்லாத காது. அந்த வெட்டு அங்கேயேதான் இருந்தது, ரொம்ப நாளாக யாரும் தொடாத இடத்துக்குரிய சில்லிப்போடு. கையைக் கீழே இறக்காமல் நின்றார். இங்கிருந்து அவள் எத்தனை அடி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மிருது," என்றார். "சுவாதிக்குக் காதுல வெட்டு ஏதாச்சும் இருக்குதா?"